சிறு படகுகளுக்கான வெளிப்பொருத்து இயந்திரம்

வெளிப்பொருத்து இயந்திரம் என்பது படகின் பின்புறப் பலகையில் வெளியே மாட்டிப் பயன்படுத்தப்படும், கழற்றி எடுக்கத்தக்க உந்துபொறி ஆகும். இயந்திரம், பற்சக்கரத் தொகுதி, உந்துவிசிறி ஆகிய மூன்றும் ஒரே அலகாக அமைந்திருப்பது இதன் சிறப்பியல்பு. முழு அலகையும் திருப்புவதன் மூலம் படகின் திசை மாற்றப்படுவதால் தனிச் சுக்கான் தேவைப்படுவதில்லை. இலங்கையில் இது வெளியிணைப்பு இயந்திரம் எனப்படுகிறது. தமிழகக் கடற்கரை ஊர்களில் எஞ்சின், மோட்டார் என்ற சொற்களே பேச்சு வழக்கில் உள்ளன. இதன் ஆற்றல் குதிரைத்திறன் என்ற அலகால் குறிக்கப்படுகிறது. இலங்கை வழக்கில் இது குதிரைவலு ஆகும்.

பாய்மரப் படகு, நாட்டுப்படகு, மீட்புப் படகு என எதுவாயினும், அதற்கு எத்தனை குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் பொருந்தும் என்பது பாதுகாப்பையும் செலவையும் ஒருங்கே தீர்மானிக்கும் கேள்வியாகும். திறன் குறைந்த இயந்திரத்தால் எதிர்க்காற்றிலும் நீரோட்டத்திலும் கரை திரும்ப இயலாது. திறன் மிகுந்த இயந்திரம் எரிபொருளை வீணாக்குவதோடு, பின்புற எடையைக் கூட்டிப் படகின் நிலைத்தன்மையைக் கெடுக்கும்.

வரலாறு

1881-இல் பிரெஞ்சுப் பொறியாளர் குஸ்தாவ் துருவே, சுக்கானுடன் இணைத்துப் படகிலிருந்து கழற்றக்கூடிய மின் இயந்திரம் ஒன்றைப் பாரிசில் சென் ஆற்றில் இயக்கிக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெட்ரோலால் இயங்கும் வெளிப்பொருத்து இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரமே வணிக அளவில் பெரும் வெற்றி பெற்றது. அதன் திறன் 1.5 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 28 கிலோகிராம். இன்று ஏறத்தாழ அதே எடையில் 5 அல்லது 6 குதிரைத்திறன் இயந்திரங்கள் கிடைக்கின்றன. 1960-களில் யமஹா, ஹோண்டா, சுசுகி ஆகிய சப்பானிய நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. ஆசியாவின் மீன்பிடிக் கரைகளில் பின்னர் பரவலானவை பெரும்பாலும் சப்பானிய இயந்திரங்களே. எவின்ரூட் பெயரிலான இயந்திரங்களின் உற்பத்தி 2020-இல் நிறுத்தப்பட்டது.

தமிழகத்தில்

சோழமண்டலக் கடற்கரையில் கட்டுமரமும், பாக்கு நீரிணைப் பகுதியில் வள்ளமும் நெடுங்காலமாகப் பாய் விரித்தே ஓடின. விடியலுக்கு முன் தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றில் புறப்பட்டு, நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து வீசும் காற்றில் கரை திரும்புவது பாய்மர மீனவரின் நாள் ஒழுங்காக இருந்தது. காற்று ஓய்ந்த நாட்களில் துடுப்பு வலித்தனர். கோடையில் கச்சான் காற்று பிற்பகலிலும் விடாது வீசும்போது கரை சேர்தல் கடினமாயிற்று. இந்நிலையில் இயந்திரம், காற்றுக்காகக் காத்திருக்கும் தேவையை நீக்கியது.

1980-களில் தென்னிந்தியக் கரைகளில், குறிப்பாகக் கேரளத்தில், வெளிப்பொருத்து இயந்திரங்கள் வேகமாகப் பரவின. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை உடையும் திறந்த கரையில் ஏற்றி இறக்கத்தக்க படகுகளையும், அவற்றுக்கேற்ற, மேலே தூக்கக்கூடிய டீசல் உந்துபொறி அமைப்பையும் உருவாக்கியது. துறைமுகம் இல்லாத கரையில் உந்துவிசிறி மணலில் தட்டாதபடி தூக்கும் வசதி, குதிரைத்திறனுக்கு இணையான முக்கியத்துவம் உடையது. நீண்ட தண்டின் நுனியில் விசிறி பொருத்திய டீசல் இயந்திரங்கள் சென்னைப் பகுதிக் கண்ணாடியிழைப் படகுகளில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் இழந்த மரங்களுக்கு மாற்றாகக் கண்ணாடியிழைப் படகுகளை இயந்திரத்துடன் வழங்கின. இதனால் பாயும் துடுப்பும் மட்டும் கொண்டு தொழில் செய்த பலர் குறுகிய காலத்தில் எரிபொருளைச் சார்ந்தவர் ஆயினர். அதுவரை காற்று இலவசமாகச் செய்த வேலைக்கு நாள்தோறும் பணம் செலுத்த வேண்டியதாயிற்று. ஆகவே இயந்திரத்தின் அளவு மீனவக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கோடு நேரடித் தொடர்பு கொண்டது.

பொழுதுபோக்குப் பாய்மரப் படகோட்டத்துக்குச் சென்னைத் துறைமுகத்தினுள் இயங்கும் இராயல் மெட்ராசு படகுக் கழகம் தமிழகத்தின் பழைய நிறுவனமாகும். இது 1911-இல் துறைமுகப் பொறுப்பாளராக இருந்த சர் பிரான்சிசு ஸ்பிரிங் முயற்சியால் தோன்றியது. பெருங்கப்பல்கள் நடமாடும் துறைமுகத்தில் காற்று விழுந்துவிட்டால் பாய்மரப் படகு கப்பல் வழியிலேயே நின்றுவிடக் கூடும். அங்கு சிறு இயந்திரம் துணைப்பொறியாகப் பயன்படுகிறது.

படகின் உச்ச வேகம்

இயந்திரத் தெரிவில் முதலில் அறிய வேண்டியது படகின் உடல் வகை. நீரை விலக்கிக்கொண்டு செல்லும் கனமான உடல் கொண்டவை ஒருவகை. வேகம் கூடும்போது நீரின் மேல் எழும்பிச் சறுக்கும் தட்டையான உடல் கொண்டவை மற்றொரு வகை. அடிக்கட்டை கொண்ட பாய்மரப் படகுகள் முதல் வகையைச் சேர்ந்தவை.

நீரை விலக்கிச் செல்லும் படகு தன் அணியத்தில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தான் எழுப்பிய அலையின் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் வேகம் பெற அலைமேட்டில் ஏறவேண்டும். அதற்குத் தேவைப்படும் திறன் பன்மடங்காகும். இந்த எல்லை வேகத்தைக் கணக்கிடும் வாய்பாடு பின்வருமாறு:

எல்லை வேகம் (கடல்மைல்/மணி) = 1.34 × நீர்மட்ட நீளத்தின் (அடி) வர்க்கமூலம்

இதன்படி,

- 16 அடி நீர்மட்ட நீளம்: 5.4 கடல்மைல் (மணிக்கு ஏறத்தாழ 10 கி.மீ.)
- 20 அடி: 6.0 கடல்மைல் (ஏறத்தாழ 11 கி.மீ.)
- 25 அடி: 6.7 கடல்மைல் (ஏறத்தாழ 12.4 கி.மீ.)

20 அடிப் பாய்மரப் படகில் 5 குதிரைத்திறனுக்குப் பதில் 15 குதிரைத்திறன் இயந்திரத்தை மாட்டினாலும் வேகம் மூன்று மடங்காகாது. பின்புறம் நீரில் அமிழ்வதும் பெரிய அலை எழுவதுமே பயனாக இருக்கும்.

எடையைக் கொண்டு கணக்கிடல்

நீரை விலக்கிச் செல்லும் படகுக்கு நீளத்தைவிட எடையே இயந்திர அளவைத் தீர்மானிக்கிறது. கடலில் செல்லும் படகுக்கு ஒரு டன்னுக்கு (1000 கி.கி.) ஏறத்தாழ 4 குதிரைத்திறன் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை விதி. காற்று மறைந்த ஏரியிலும் உப்பங்கழியிலும் இதில் பாதியே போதுமானது. எடை என்பது வெற்றுப் படகின் எடை அன்று. ஆட்கள், இயந்திரம், எரிபொருள், நங்கூரம், குடிநீர், வலை, மீன் ஆகிய அனைத்தும் சேர்ந்த முழு எடையாகும்.

எடுத்துக்காட்டுகள்:

- 14 அடித் திறந்த பாய்மரப் படகு: படகு 130 கி.கி., மூவர் 210 கி.கி., பிற 40 கி.கி., மொத்தம் 380 கி.கி. தேவை 1.5 குதிரைத்திறன். கிடைக்கும் அளவுகளில் 2 அல்லது 2.5 பொருந்தும்.
- 20 அடிச் சிறு பாய்மரப் படகு: படகு 900 கி.கி., நால்வர் 280 கி.கி., பிற 120 கி.கி., மொத்தம் 1300 கி.கி. தேவை 5.2 குதிரைத்திறன். 5 அல்லது 6 பொருந்தும்.
- 25 அடிப் பாய்மரப் படகு: படகு 2000 கி.கி., நால்வர் 280 கி.கி., பிற 220 கி.கி., மொத்தம் 2500 கி.கி. தேவை 10 குதிரைத்திறன். 9.9 பொருந்தும்.

கணக்கில் வந்த அளவு இரண்டு விற்பனை அளவுகளுக்கு இடையில் அமைந்தால், கடலுக்குச் செல்பவர் பெரியதையும் ஏரியில் ஓட்டுபவர் சிறியதையும் தெரிவு செய்வது வழக்கம். பாய்மரமும் கயிறுகளும், பாய் சுருட்டியிருக்கும்போதும், எதிர்க்காற்றைத் தடுத்து நிற்பதால் பாய்மரப் படகுக்குச் சற்றுக் கூடுதல் இருப்பு தேவை. படகு உற்பத்தியாளர் குறித்துள்ள உச்சத் திறனை எந்நிலையிலும் மீறலாகாது.

இயந்திரத்தின் எடையையும் கருத வேண்டும். 2.5 குதிரைத்திறன் நான்கு வீச்சு இயந்திரம் 13 முதல் 17 கி.கி. வரையும், 5 அல்லது 6 குதிரைத்திறன் 25 கி.கி. அளவிலும், 9.9 குதிரைத்திறன் 40 கி.கி. அளவிலும் இருக்கும். முதலிரண்டை ஒருவர் தூக்கலாம். மூன்றாவதற்கு இருவர் வேண்டும். சிறு படகின் அமரத்தில் 40 கி.கி. இயந்திரமும் அதன் அருகே ஓட்டுநரும் அமர்ந்தால், பின்னால் துரத்தி வரும் அலை உள்ளே ஏறும் வாய்ப்பு அதிகரிக்கிறது.

தண்டின் நீளம்

சரியான குதிரைத்திறன் கொண்ட இயந்திரமும் தண்டின் நீளம் பொருந்தாவிட்டால் பயன் தராது. தண்டுகள் பொதுவாக 15 அங்குலம் (381 மி.மீ.), 20 அங்குலம் (508 மி.மீ.), 25 அங்குலம் (635 மி.மீ.) ஆகிய மூன்று நீளங்களில் செய்யப்படுகின்றன. இயந்திரம் மாட்டும் பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிப்பகுதி வரை செங்குத்தாக அளந்து இது தெரிவு செய்யப்படுகிறது.

உந்துவிசிறிக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்கு ஒப்பாகவோ சற்றுக் கீழாகவோ இருக்கவேண்டும். மேலே இருந்தால் விசிறி காற்றை உள்ளிழுத்து நீரைப் பற்றாமல் வெறுமனே சுழலும். பாய்மரப் படகு அலையில் குத்தி எழும்போது அமரம் நீருக்கு மேலே தூக்கப்படுவதால், அதற்குப் பெரும்பாலும் 20 அல்லது 25 அங்குலத் தண்டே பரிந்துரைக்கப்படுகிறது. அலை உடையும் கரையைக் கடக்கையில் விசிறி நீரை விட்டு வெளியே வந்தால், படகு உந்தமிழந்து அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கவிழக்கூடும்.

உந்துவிசிறி

உந்துவிசிறியின் மீது இரண்டு எண்கள் அங்குலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது புரியிடைத் தூரம், அதாவது விசிறி ஒருமுறை சுழன்றால் வழுக்கல் இன்றி முன்னேறும் தூரம். கனமான, மெதுவான படகுக்குப் பெரிய விட்டமும் குறைந்த புரியிடைத் தூரமும் ஏற்றவை. இலேசான, விரைவான படகுக்கு இதன் மறுதலை. மாட்டு வண்டியையும் பந்தயக் குதிரையையும் ஒப்பிட்டு இதனை விளங்கிக்கொள்ளலாம்.

ஒரே குதிரைத்திறனில் சாதாரண வகை, மிகு உந்துவிசை வகை என இரண்டு கிடைப்பதுண்டு. முன்னதில் பற்சக்கர விகிதம் 2-க்கு 1 என்ற அளவிலும், பின்னதில் 3-க்கு 1 என்ற அளவுக்கு அருகிலும் இருக்கும். பின்னது பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவதால் பாய்மரப் படகுக்கும் இழுவைக்கும் பொருத்தமானது.

தெரிவு சரிதானா என்பதைச் சோதிக்க எளிய முறை உண்டு. வழக்கமான சுமையுடன் முழுவிசையில் ஓட்டிச் சுழல் வேகத்தை அளக்க வேண்டும். பல நான்கு வீச்சு இயந்திரங்களுக்கு அது நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்றுகளுக்குள் அமைய வேண்டும். குறைவாயின் விசிறியின் புரியிடைத் தூரம் மிகுதி. இயந்திரம் திணறுகிறது எனப் பொருள். மிகுதியாயின் புரியிடைத் தூரம் குறைவு எனப் பொருள்.

எரிபொருளும் செலவும்

முழுவிசையில் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் நான்கு வீச்சுப் பெட்ரோல் இயந்திரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டரும், பழைய இரு வீச்சு இயந்திரம் ஏறத்தாழ அரை லிட்டரும், டீசல் இயந்திரம் ஏறத்தாழ கால் லிட்டரும் எடுத்துக்கொள்கின்றன. எனவே 9.9 குதிரைத்திறன் நான்கு வீச்சு இயந்திரத்தை முழுவிசையில் ஆறு மணி நேரம் ஓட்டினால் 20 லிட்டர் செலவாகும்.

இரு வீச்சு இயந்திரம் எடை குறைந்தது, பழுதுபார்க்க எளியது. ஆயினும் பழைய வகைகளில் எரிபொருளின் கால் பங்கு வரை எரியாமலே வெளியேறுகிறது. மண்ணெண்ணெய் வகைகள் பெட்ரோலில் தொடங்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகின்றன. தமிழக அரசு இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுகளுக்கு மானிய விலையில் மண்ணெண்ணெய் வழங்கி வருகிறது.

நீரை விலக்கிச் செல்லும் படகுக்குத் தேவையான திறன் ஏறத்தாழ வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் தேவையான திறன் ஏறத்தாழ பாதியாகிறது (0.8 × 0.8 × 0.8 = 0.51). பயண நேரம் கால் பங்கு நீண்டாலும், மொத்த எரிபொருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகிறது. காற்று சாதகமாக உள்ளபோது சிறு பாயையும் விரித்தால் மிச்சம் மேலும் கூடும். இயந்திரம் பழுதானால் அதே பாய் கரை சேர்க்கும் துணையும் ஆகும்.

ஏரிகளும் மேற்குச் சென்னையும்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை கடலிலிருந்து விலகியிருப்பினும் ஏரிகளால் சூழப்பட்டவை. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழமும் 3645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி 2019-இல் பசுமைப் பூங்காவாக மேம்படுத்தப்பட்டுப் படகுச் சவாரிக்கும் திறக்கப்பட்டது.

செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரியில் எரியாத எண்ணெயை உமிழும் இரு வீச்சு இயந்திரம் பொருந்தாது. இத்தகைய நீர்நிலைகளுக்கு மின் இயந்திரமே ஏற்றது. சிறு மின் இயந்திரங்கள் குதிரைத்திறனால் அன்றி உந்துவிசையின் பவுண்டு அளவால் விற்கப்படுகின்றன. 55 பவுண்டு வகை 12 வோல்ட்டில் ஏறத்தாழ 50 ஆம்பியர் எடுக்கும். அதாவது 600 வாட். 100 ஆம்பியர்-மணி மின்கலம் கணக்கின்படி இரண்டு மணி நேரம் ஓட்டும். ஆனால் ஈய அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடிப்பது அதன் ஆயுளைக் குறைப்பதால், ஒரு மணி நேரத்தையே நம்பலாம். குறைந்த விசையில் ஓட்டினால் நேரம் பெரிதும் நீளும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க மீனவர்கள் தம் கண்ணாடியிழைப் படகுகளுடன் நகருக்குள் வந்தனர். அரக்கோணத்தில் முகாம் கொண்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் அணியும் வெளிப்பொருத்து இயந்திரம் கொண்ட காற்றடைத்த இரப்பர் படகுகளைப் பயன்படுத்தியது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போதும் நகரிலும் புறநகரிலும் படகுகள் தேவைப்பட்டன.

தெரு வெள்ளத்தில் இயந்திரத் தெரிவின் முறை மாறுகிறது. ஆழம் இடத்துக்கு இடம் வேறுபடும். மூழ்கிய மதில், கம்பி, துணி, நெகிழிப் பை ஆகியவை விசிறியில் சிக்கும். ஆகவே குட்டைத் தண்டு, எளிதில் சாய்க்கும் அமைப்பு, ஒருவரே தூக்கும் எடை ஆகியவை இங்கு முதன்மை பெறுகின்றன. தேங்கிய நீரில் சிறிய இயந்திரமே போதும். ஆற்று ஓட்டத்தைக் குறுக்கே கடக்கும் இடத்தில் நீரின் வேகத்தை மிஞ்சும் திறன் வேண்டும். நீரோட்டம் மணிக்கு 8 கி.மீ. எனில், 8 கி.மீ. வேகமே உச்சமாகக் கொண்ட படகு எதிர்த்திசையில் நின்ற இடத்திலேயே நிற்கும். நீரில் இருப்பவரை ஏற்றும்போது விசிறியின் சுழற்சியை நிறுத்துவது கட்டாயமானது.

பராமரிப்பும் பாதுகாப்பும்

- கடலில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் குளிர்விப்புப் பாதையை நன்னீரால் கழுவ வேண்டும். உப்புப் படிவு நீர்ப்பாதையை அடைத்து இயந்திரத்தைச் சூடேற்றும்.
- குளிர்விப்பு நீர் பீய்ச்சி வெளிவருவதை ஓட்டத் தொடங்கியதும் பார்க்க வேண்டும்.
- தீப்பொறிக் கட்டை, விசிறியின் வெட்டுமுளை, தொடங்கு கயிறு ஆகியவற்றில் மாற்று ஒன்றேனும் படகில் இருக்க வேண்டும்.
- இயந்திரத்தைப் படகோடு தனிக் கயிற்றால் பிணைத்தல் நன்று. திருகு தளர்ந்து இயந்திரம் கடலில் விழுவது அரிதன்று.
- ஓட்டுநர் தவறி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உடலோடு அணிய வேண்டும்.
- எரிபொருளை மூன்று பங்காக்கி, போக ஒன்று, வர ஒன்று, இருப்பு ஒன்று என வைத்துக்கொள்வது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் விதி.
- துடுப்பு, நங்கூரம், உயிர்காப்பு அங்கி ஆகியவற்றுக்கு எந்த இயந்திரமும் மாற்றாகாது.

சட்டம்

தமிழகக் கடலில் மீன்பிடிக்கும் படகுகள் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டவை. கரையை ஒட்டிய கடல் பகுதி விசைப்படகுகளுக்கு விலக்கப்பட்டு மரபுவழிக் கலங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஏரி, ஆறு முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திரத்தால் இயங்கும் கலங்களுக்கு, 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 பொருந்தும். இலங்கையின் வடக்குக் கடலில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் மீனவரின் இயந்திரக் குதிரைவலுவுக்கே கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது. தொலைவுக் கடலுக்குச் செல்ல இயலாமல் அங்குள்ள தமிழ் மீனவர் கரையோர மீன்பிடிப்போடு நிற்க நேர்ந்தது, இயந்திரத்தின் அளவு வாழ்வாதாரத்தை எவ்வாறு வரையறுக்கிறது என்பதற்குச் சான்றாகும்.

இவற்றையும் பார்க்க

- கட்டுமரம்
- வள்ளம்
- பாய்மரப் படகு
- குதிரைத்திறன்
- உந்துவிசிறி
- செம்பரம்பாக்கம் ஏரி
- பாக்கு நீரிணை